நிஷாகந்தி: தண்டு ஊன்றுவதிலிருந்து பூவைச் சமைப்பது வரை

கோடை முடிந்து முதல் மழை விழுந்ததும் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு ஊரிலிருந்து இந்தச் செய்தி வந்துவிடும்: ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் பிரம்ம கமலம் நள்ளிரவில் மலர்ந்தது, அக்கம்பக்கத்தார் விளக்கேற்றி வழிபட்டார்கள். அந்தச் செய்தியின் படத்தில் இருப்பது நிஷாகந்தி. அது ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூப்பதில்லை. நன்றாக வளர்ந்த செடி ஒரே பருவத்தில் பல முறை பூக்கும். அது பிரம்ம கமலமும் அல்ல. அசல் பிரம்ம கமலம் இமயமலையில் 4,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் வளரும் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, உத்தராகண்டின் மாநில மலர். நம் வீட்டுத் தொட்டியில் இருப்பது கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தென் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தது.

அந்தச் செய்தியில் வராத விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பூவைச் சாப்பிடலாம். சீனாவில், தைவானில், ஜப்பானில் சாப்பிடுகிறார்கள். நாம் ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பார்த்துவிட்டு, காலையில் வாடிப்போனதும் குப்பையில் போடுகிறோம்.

பூவைச் சமைக்கப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், தண்டு எங்கே வாங்குவது, என்ன மருந்து அடிப்பது, உரம் எப்போது வைப்பது எல்லாமே கொஞ்சம் மாறும். அதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன். சமைக்கும் எண்ணமே இல்லை, பூத்தால் போதும் என்பவர்களும் வளர்ப்புப் பகுதியை அப்படியே பின்பற்றலாம்.

முதலில், கையில் இருப்பது எந்தச் செடி?

இதைத் தாண்டிக் குதித்து விடாதீர்கள். வாயில் வைக்கப்போகும் பூ என்பதால் இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமான படி.

நிஷாகந்தியின் தாவரவியல் பெயர் எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டலம். 1828இல் விவரிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே இந்தப் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. இலை போலத் தெரிவது இலை அல்ல, தட்டையான தண்டு. ஓரங்கள் வளைந்து வளைந்து பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளங்களில்தான் மொட்டு வரும். முள் கிடையாது. அடியிலிருந்து குச்சி போல உருண்டையான நீளத் தண்டுகளும் கிளம்பும், இவை சில மீட்டர் வரை போகும். பூ வெள்ளை. நீண்ட குழாய்க் காம்போடு சேர்த்து அளந்தால் 25 முதல் 30 செ.மீ. வரை இருக்கும். தண்டை ஒடித்தால் பால் வராது.

இந்தப் பால் வராத விஷயத்தைக் கவனியுங்கள். நம் ஊரில் கள்ளி என்று சொல்லும் பலவும், சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம், உண்மையில் ஆமணக்குக் குடும்பம். அவற்றின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, வயிற்றுக்குள் போகவே கூடாது. ஒடித்த இடத்தில் வெள்ளையாகப் பால் கசிந்தால் அது சமையலறைக்கு வர வேண்டிய செடி இல்லை.

இன்னொரு குழப்பம் 'நைட் குயின்' என்ற பெயரால் வருவது. நர்சரியில் நிஷாகந்தியையும் அப்படிச் சொல்வார்கள். சின்னச் சின்னக் குழல் பூக்கள் கொத்தாகப் பூத்து ராத்திரி தெருவையே மணக்க வைக்கும் புதர்ச் செடியையும் அப்படிச் சொல்வார்கள். அந்தப் புதர்ச் செடி நஞ்சு. அந்தி சாய்ந்து விரியும் வெள்ளை ஊமத்தையும் நஞ்சு. எனவே இரவில் பூக்கிறது, வெள்ளையாக இருக்கிறது, மணக்கிறது என்பது எதற்கும் சான்றிதழ் அல்ல. தட்டைத் தண்டின் ஓரப் பள்ளத்திலிருந்து பூ வருகிறதா என்று பாருங்கள். அது ஒன்றே போதுமான அடையாளம்.

கேரளத்திலும் நிஷாகந்தி என்றுதான் பெயர்; திருவனந்தபுரம் கனகக்குன்று அரண்மனை வளாகத்தில் உள்ள திறந்தவெளி அரங்குக்கே இதன் பெயரை வைத்திருக்கிறார்கள். இலங்கையில் கடுபுல். மலேசியா, சிங்கப்பூரில் பக்காவலி என்று கேட்டால் காட்டுவார்கள்.

தண்டு எடுப்பது

காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத செடி இது. ஒரு வீட்டில் இருந்தால் அந்தத் தெருவுக்கே தண்டு கிடைக்கும். சமைக்கும் நோக்கம் இருந்தால் தெரிந்தவர் வீட்டிலிருந்து வாங்குவதே மேல், ஏனென்றால் அந்தச் செடிக்கு என்ன தெளித்தார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். நர்சரியில் வாங்கினால் அங்கே ஊடுருவிப் பாயும் பூச்சிமருந்து போட்டிருக்கக்கூடும். அது செடியின் சாற்றோடு கலந்து நீண்ட நாள் இருக்கும், கழுவினால் போகாது. அப்படி வாங்கிய செடியின் முதல் பருவப் பூக்களைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்குத் தட்டையான, முற்றிய தண்டு வேண்டும். இளம்பச்சையில் மெல்லியதாக ஆடிக்கொண்டிருக்கும் புதுத் தண்டு சரிப்படாது, அழுகிவிடும். நடுநரம்பு கெட்டியாக, நிறம் அடர்ந்து இருப்பதில் 15 முதல் 20 செ.மீ. வெட்டுங்கள். கத்தியைச் சுடுநீரிலோ ஸ்பிரிட்டிலோ துடைத்துவிட்டு வெட்டினால் நல்லது. எந்த முனை கீழே இருந்தது என்பதை உடனே பேனாவால் குறித்து வையுங்கள். நான்கைந்து துண்டுகளை ஒன்றாகப் போட்டுவிட்டால் அப்புறம் தலை எது, கால் எது என்று தெரியாது. தலைகீழாக ஊன்றியது ஒழுங்காக வளராது.

வெட்டியதும் நட்டுவிடக் கூடாது. நிழலில், காற்றுப் படும் இடத்தில் 5 முதல் 7 நாள் அப்படியே கிடக்கட்டும். வெட்டுவாய் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். மழைக்காலமாக இருந்தால் 10 நாள் கூட விடலாம். தண்டு லேசாகச் சுருங்கும், பயப்பட வேண்டாம், அதற்குள் போதுமான நீர் இருக்கிறது.

பிறகு 5 செ.மீ. ஆழத்துக்கு ஊன்றி, சாயாமல் இருக்க ஒரு குச்சியோடு தளர்வாகக் கட்டுங்கள். மண்ணில் ஈரப்பதம் மட்டும் போதும். 3 முதல் 6 வாரத்தில் வேர் பிடித்துவிடும். லேசாக இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும். (தினமும் இழுத்துப் பார்ப்பவர்களுக்கு வேர் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

தமிழ்நாட்டில் இதற்குப் பொருத்தமான மாதங்கள் பிப்ரவரி, மார்ச். அல்லது ஜூலை, ஆகஸ்ட். ஐப்பசி அடைமழையில் ஊன்றினால் பாதி அழுகும்.

மண்: இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள்

கள்ளி என்றதும் பாலைவனம் நினைவுக்கு வருகிறது. அதனால் மணலும் வெயிலும் கொடுத்துத் தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். இந்தச் செடி பாலைவனத்தையே பார்த்ததில்லை. அதன் சொந்த ஊரில் ஈரக் காடுகளில், பெரிய மரங்களின் கவட்டையில், மக்கிய இலைச் சருகைப் பற்றிக்கொண்டு தொற்றி வளர்கிறது. மழை கொட்டும், ஆனால் வேரில் தண்ணீர் நிற்காது. வெளிச்சம் வரும், ஆனால் இலைகளின் ஊடாக வடிகட்டி வரும். மரக்கவட்டையில் இடம் குறைவு, வேர் நெருக்கிக்கொண்டுதான் இருக்கும். மண், தண்ணீர், வெயில், தொட்டி என்று இனி வரும் எந்தக் கேள்வியிலும் சந்தேகம் வந்தால் அந்த மரக்கவட்டையை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள். அநேகமாகச் சரியாக இருக்கும்.

எனவே கலவை இப்படி: தேங்காய் மட்டைத் துண்டுகள் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, உடைந்த செங்கல் துண்டு அல்லது அடுப்புக்கரித் துண்டு ஒரு பங்கு. மட்டைத் துண்டுகளை ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்து பயன்படுத்துங்கள். அதில் உப்பு இருக்கும். வெறும் தென்னை நார்த்தூள் வேண்டாம், அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. வெறும் செம்மண்ணும் வேண்டாம், மூன்றாவது மாதம் இறுகிவிடும். ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் பலர் எம்-சாண்ட் போடுகிறார்கள். அதில் உள்ள கல்தூள் கீழே படிந்து தொட்டியின் துளையை அடைக்கும். போட்டே ஆகவேண்டும் என்றால் சலித்து, சல்லடையில் தங்கும் பரலை மட்டும் எடுங்கள்.

தொட்டி சின்னதாக இருக்கட்டும். ஒரு தண்டுக்கு 6 அங்குலம், மூன்று நான்கு தண்டுகளைச் சேர்த்து ஊன்றினால் 8 அல்லது 10 அங்குலம். பெரிய தொட்டியில் வைத்தால் செடி பச்சையாக, கம்பீரமாக வளரும். ஆனால் பூக்க அவசரப்படாது. வேர் தொட்டியை நிறைத்து நெருக்கும்போதுதான் பூக்கத் தொடங்கும்.

மரம் இருப்பவர்களுக்குத் தொட்டியே தேவையில்லை. மாமரத்தின் கவட்டையில், மனிதர் கைக்கு எட்டும் உயரத்தில், மட்டையும் இலைமக்கும் சேர்த்துச் சாக்கில் கட்டி அதில் தண்டை வையுங்கள். ஒரு வருடம் பொறுத்தால் அது மரத்தைப் பிடித்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் இதைவிட அழகாக இந்தச் செடியை வளர்க்கும் வழி இல்லை.

வெயில், தண்ணீர்

காலை வெயில் இரண்டு மணி நேரம், மீதி நேரம் நல்ல வெளிச்சம். கிழக்குப் பார்த்த பால்கனி அருமையான இடம். மொட்டை மாடியில் என்றால் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே. உச்சி வெயில் பட்டால் தண்டு மஞ்சளித்து, பிறகு வெளுத்துக் கருகும். சித்திரை வெயிலில் இரண்டே நாளில் இது நடக்கும். அதற்காக வீட்டுக்குள் இருட்டில் வைத்தால் தண்டுகள் ஒல்லியாக நீண்டுகொண்டே போகும், பூ வராது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் உறைபனி மாதங்களில் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். விரலை விட்டுப் பாருங்கள், மேலே 3 செ.மீ. காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், துளை வழியாக வழிந்து ஓடும் அளவுக்கு. அடித்தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கோடையில் மாலை வேளை நல்லது. இந்தச் செடி பகலில் தன் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் காற்றை உள்ளிழுக்கிறது. ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக உள்ள இடங்களில் கலவையின் மேல் வெள்ளைப் படலம் படியும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி அதை அலசி வெளியேற்றுங்கள், அல்லது மழைநீர் பிடித்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழையின்போது தொட்டியைக் கூரை ஓரத்துக்கு நகர்த்திவிடுவது உத்தமம். அந்த மூன்று மாதத்தில் வேர் அழுகி இறந்த செடிகளே அதிகம்.

உரம், பூச்சி

தழைச்சத்து அதிகமானால் தண்டு தண்டாகப் போடும், பூ இல்லை. இவ்வளவுதான் அடிப்படை. வருடத்தில் பெரும்பாலான நாள்களுக்கு 45 நாளைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். பிப்ரவரி கடைசியில் ஒரு மேசைக்கரண்டி எலும்புத்தூள். மார்ச் முதல் மே வரை, 15 நாளைக்கு ஒருமுறை மணிச்சத்தும் சாம்பல் சத்தும் கிடைக்கும்படி ஏதாவது ஒன்று. உரக்கடையில் 0:52:34 என்று கேட்டால் கொடுப்பார்கள், லிட்டருக்கு ஒரு கிராம் கலந்து வேரில் ஊற்றினால் போதும். இயற்கை வழி என்பவர்கள் பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மி.லி. கலந்து ஊற்றலாம்.

மொட்டு கண்ணில் பட்டதும் உரம், மருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். அந்த நிமிடத்திலிருந்து அது காய்கறி. மொட்டின் மேல் எதையும் தெளிக்கக் கூடாது, பஞ்சகவ்யம் உட்பட.

பூச்சியில் மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும்தான் தொல்லை. எறும்பு வரிசை ஏறுகிறது என்றால் மாவுப்பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம்; தண்டு பிரியும் கணுக்களில் ஒளிந்திருக்கும். பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்து எடுங்கள். மிச்சத்துக்கு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள், மொட்டு இல்லாத காலத்தில் மட்டும். நத்தை மழைக்காலத்தில் இளந்தண்டைக் கடித்துவிட்டுப் போகும். டார்ச் எடுத்துக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பொறுக்குவதைவிடச் சிறந்த மருந்து அதற்கு இல்லை.

மொட்டு வந்த பிறகு

முற்றிய தண்டிலிருந்து வளர்த்தால் இரண்டாவது அல்லது மூன்றாவது வருடம் பூக்கும். அதற்கு முன்னால் பூக்கவில்லை என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தமிழ்நாட்டில் ஜூன் முதல் அக்டோபர் வரை மொட்டு எதிர்பார்க்கலாம். கோடைமழை நன்றாகப் பெய்த வருடம் மே மாதமே தொடங்கிவிடும்.

ஓரப் பள்ளத்தில் அரிசி அளவில் ஒன்று துருத்தும். அது மொட்டா புதுத் தண்டா என்று முதல் வாரம் குழப்பமாக இருக்கும். தட்டையாக, ஓரத்தில் மெல்லிய மயிர்களோடு வந்தால் தண்டு. உருண்டையாக, இளஞ்சிவப்புச் செதில்களோடு வந்தால் மொட்டு. அதிலிருந்து பூக்க மூன்று முதல் நான்கு வாரம் ஆகும்.

இந்த மூன்று நான்கு வாரம் தொட்டியை நகர்த்தக் கூடாது, திருப்பக் கூடக் கூடாது. தண்ணீரையும் காயவிடக் கூடாது. மொட்டு உதிர்வதற்கு இந்த இரண்டும்தான் பெரும்பாலும் காரணம். சின்னச் செடியில் பத்துப் பன்னிரண்டு மொட்டு வந்து பாதி உதிர்ந்தால் அது நோய் அல்ல. தாங்க முடிந்ததை வைத்துக்கொண்டு மீதியைச் செடியே கழித்துவிடுகிறது.

நாள் நெருங்குவதை இப்படிக் கண்டுபிடிக்கலாம். முதலில் மொட்டு தொங்கும். குழாய்க் காம்பு விரல் தடிமனுக்கு வந்து, நுனி மேல்நோக்கி வளையத் தொடங்கினால் இன்னும் சில நாள். மொட்டு பருத்து, செதில்களுக்கு இடையே வெள்ளை தெரிந்தால் நாளை அல்லது மறுநாள். மாலை நான்கு ஐந்து மணிக்கு நுனி தளர்ந்து, தொட்டால் காற்றடைத்தது போல மெத்தென்று இருந்தால் இன்று இரவுதான். விருந்தினருக்குச் சொல்லி அனுப்ப இதுவே நேரம்.

இரவு எட்டு எட்டரைக்கு வாய் திறக்கும். மணம் முதலில் வரும், பிறகுதான் பூ. பத்து மணிக்கு மேல் நன்றாக விரிந்து, நள்ளிரவை ஒட்டி முழுதாக மலர்ந்திருக்கும். மெக்சிகோக் காட்டில் இந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துப்பூச்சிகள் வரும், அவைதான் மகரந்தத்தைக் கடத்தும். நம் ஊரில் காய் பிடிப்பதைப் பார்ப்பது அபூர்வம். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி இது. சுற்றுவட்டாரத்தில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்று வெட்டி நட்டவை என்பதால் பக்கத்து வீட்டுப் பூவும் அதே செடிதான். ஆகவே பூவைப் பறித்தால் பழம் போய்விடுமே என்ற கவலை வேண்டாம்.

விடியும் முன்பே பூ தளர்ந்து தொங்கிவிடும்.

பறிப்பது

சமையலுக்கு விரிந்த பூவை நள்ளிரவில் வெட்ட வேண்டிய அவசியம் இல்லை. வாடிய பூவே போதும். ஆசை தீரப் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள், காலையில் ஆறு ஏழு மணிக்குள் காம்போடு கிள்ளி எடுங்கள். வெயில் ஏறிவிட்டால் குழைந்து நிறம் மாறும், எறும்பும் ஏறும். பூவைச் சாமிக்கு வைப்பவர்கள் ஒன்றிரண்டை மஞ்சள் குங்குமம் படாமல் தனியாக விட்டுவைத்தால் சரி.

டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரிக்கும் ஜப்பானியப் பலகாரம்) செய்வதாக இருந்தால் மட்டும் விரிந்த நிலையில், இரவிலேயே வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். விறைப்பு ஓரளவு நிற்கும்.

எடுத்த பூவை டப்பாவில் போட்டு மூடி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். சமைக்கும் முன் நீளவாக்கில் நான்காகக் கிழியுங்கள். உள்ளே இருக்கும் மஞ்சள் மகரந்தக் கேசரங்களையும் நடுவில் உள்ள சூல்தண்டையும் உருவி எறிந்துவிடுங்கள். சிலர் அப்படியே போடுகிறார்கள், எனக்கு அந்த மகரந்தத் தூள் குழம்பைக் கலங்கலாக்குவது பிடிப்பதில்லை. காம்பின் அடிப்பகுதி நாராக இருந்தால் நறுக்கித் தள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு அலசினால் எறும்பு இருந்தால் வெளியே வந்துவிடும்.

முதல்முறை சாப்பிடுபவர்கள் ஒரு பூவில் பாதி அளவோடு தொடங்குங்கள். சிலருக்கு வயிறு இளகும். கர்ப்பிணிகளுக்கும், தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்களுக்கும் புது உணவுப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. ஆஸ்துமாவுக்கு நல்லது, ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று சுற்றும் குறிப்புகளை நம்பி மருந்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இது காய்கறி, அவ்வளவுதான்.

சமையல்

ராத்திரி அடித்த மணம் பாத்திரத்தில் இருக்காது. அதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இதன் ருசி மிக மென்மையானது. சிறப்பு முழுக்க அதன் வழவழப்பில் இருக்கிறது. வேகவைத்தால் வெண்டைக்காய் போலக் கொழகொழப்பு இறங்கி, சாறு கெட்டிப்படும். அது பிடிக்காதவர்கள் பொரித்துச் சாப்பிடலாம்.

தென்சீன வழக்கம் சூப். நான்கு பேருக்கு மூன்று பூ. எலும்போடு கூடிய கோழி 300 கிராம் எடுத்து, ஒரு கொதி விட்டு அந்த நுரைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், தட்டிய இஞ்சி ஒரு துண்டு சேர்த்துச் சிறு தீயில் 40 நிமிடம். கடைசிப் பத்து நிமிடத்தில் பூவைப் போட்டு, உப்பும் கொஞ்சம் வெள்ளை மிளகுத்தூளும். அங்கே பன்றி விலா எலும்பில் செய்வார்கள், செம்பேரீச்சை எனப்படும் உலர்ந்த சீன இலந்தைப் பழமும் போடுவார்கள். மசாலா எதுவும் வேண்டாம். பட்டை, சோம்பு என்று கை நீண்டால் பூ இருந்த இடமே தெரியாது.

சைவத்துக்கு எனக்குப் பிடித்தது பாசிப்பருப்புக் கூட்டு. அரை கப் பருப்பை மலர வேகவைத்து, நறுக்கிய பூ இரண்டு, மஞ்சள்தூள், உப்பு போட்டு ஏழெட்டு நிமிடம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய், அரைக் கரண்டி சீரகம், ஒரு பச்சைமிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளிப்பு. முருங்கைப்பூவும் அகத்திப்பூவும் வேப்பம்பூவும் சமைக்கத் தெரிந்த நமக்கு இது புது வித்தையே இல்லை. முருங்கைப்பூப் பொரியல் செய்யும் அதே முறையில் வெங்காயம் வதக்கி, முட்டை உடைத்து ஊற்றியும் கிளறலாம். ஐந்து நிமிட வேலை.

ஜப்பானில் டெம்புரா செய்கிறார்கள், வினிகரில் பிரட்டியும் சாப்பிடுகிறார்கள். டெம்புராவுக்கு மைதா முக்கால் கப், அரிசி மாவு கால் கப், ஐஸ் போட்ட தண்ணீர் ஒரு கப்பை விடக் கொஞ்சம் குறைவாக. நான்கைந்து சுற்று மட்டும் கலக்குங்கள், கட்டி இருந்தால் இருக்கட்டும். கிழித்த பூவின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, தோய்த்து, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் ஒரு நிமிடம். கடலைமாவில் பஜ்ஜியாகவும் போடலாம், ஆனால் கடலைமாவின் ருசிதான் மேலோங்கி நிற்கும்.

இனிப்புக்குக் கல்கண்டுச் சாறு. நான்கு கப் தண்ணீரில் 70 கிராம் கல்கண்டு கரைந்ததும் இரண்டு பூவை மெல்லிசாகக் கிழித்துப் போட்டுப் பத்து நிமிடம் சிறு தீயில் வையுங்கள். ஆறியதும் குளிரவைத்துக் குடிக்க வேண்டும். வெயில் காலத்துக்கு நன்றாக இருக்கும்.

ஒரே ராத்திரியில் பதினைந்து இருபது பூ பூத்துவிட்டால்? ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து எடுத்து, வெள்ளைத் துணியில் பரப்பி, வெயிலில் சருகு போல உடையும் வரை காயவையுங்கள். இரண்டு மூன்று நாள் ஆகும், மேலே கொசுவலை போடுங்கள். ஈரம் போன பிறகு பாட்டிலில் அடைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். சமைக்கும் முன் அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைக்க வேண்டும், சூப்பில் கூடுதல் நேரம் வேக வேண்டும்.

டிராகன் பழச்செடி வைத்திருப்பவர்களுக்கு

உலர்ந்த கள்ளிப்பூவைப் பெரிய அளவில் சாப்பிடும் இடம் சீனாவின் குவாங்டாங் மாகாணம். அங்கே சந்தையில் விற்பது பெரும்பாலும் நிஷாகந்தி அல்ல, அதன் உறவான டிராகன் பழக் கொடியின் பூ. சாவோச்சிங் பகுதி அதற்குப் பெயர் போனது. (குஜராத் அரசு 2021இல் டிராகன் பழத்துக்குக் கமலம் என்று பெயர் சூட்டியது, ஆக இந்தக் குடும்பத்தில் தாமரைகளுக்குப் பஞ்சமில்லை.)

மாடியில் டிராகன் கொடி வைத்திருந்தால் பழத்தையும் விடாமல் பூவையும் எடுக்கலாம். இதுவும் இரவில் விரிந்து மறுநாள் காலையில் மூடும். மகரந்தச் சேர்க்கை முடிந்து, ஓரிரு நாளில் பூ வாடித் தொங்கும்போது, அடியில் உள்ள பச்சைச் சூலகத்தைத் தொடாமல் மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். சூலகம் பழமாகத் தொடர்ந்து வளரும். மழைக்காலத்தில் வாடிய பூ பழத்தோடு ஒட்டி அழுகுவதும் இதனால் குறையும். நிஷாகந்தியை விட இதழும் காம்பும் தடித்திருக்கும், நாரும் அதிகம். எனவே சூப்புக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவிடுங்கள். முள் இல்லை என்றாலும் அடிச்செதில்களின் ஓரம் கரடாக இருக்கும், நறுக்கிவிடலாம்.

பருவம் முடிந்ததும்

நவம்பரில் பழைய, மஞ்சளித்த, அடிபட்ட தண்டுகளை அடியோடு நீக்குங்கள். ஒருமுறை பூத்த தட்டைத் தண்டு அடுத்த வருடமும் வேறு பள்ளத்தில் பூக்கும், அதை வெட்டாதீர்கள். உருண்டையான நீளத் தண்டுகள் அடர்ந்து போனால் ஒன்றிரண்டைக் குறைக்கலாம். ஆனால் அவற்றிலிருந்துதான் புதுத் தட்டைகள் கிளைக்கும் என்பதால் மொத்தமாகக் கழித்துவிட வேண்டாம். ஒரு கம்பி வளையத்தில் சுற்றிக் கட்டிவிட்டால் இடமும் மிச்சம்.

தொட்டி மாற்றுவது மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மட்டைத் துண்டுகள் மக்கித் தூளாகும்போது. ஒரே ஒரு அளவு பெரிதாக மட்டும் மாற்றுங்கள். மாற்றிய வருடம் பூ குறைவாக வரும். வெட்டிய தண்டுகளில் முற்றியவற்றை நிழலில் காயப் போட்டு வைத்தால், பூத்த அன்று வந்து பார்த்துவிட்டு 'எனக்கும் ஒரு துண்டு' என்று கேட்டவர்களுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது அடிமுனையைக் குறித்தே கொடுங்கள்.